பத்து சோலார் தகடும் ஒரு கவ்வாத்துக் கத்தியும்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரில் அந்தோனியம்மாவின் படம் நான்கு முறை வந்திருக்கிறது. ஒரு முறைகூடப் பெயர் போடவில்லை. இரண்டு தடவை "பயனாளி ஒருவர்". ஒரு தடவை "மகிழ்ச்சியில் ஒரு மலையகத் தாய்". இன்னொரு தடவை அதுவும் இல்லை. படத்துக்குக் கீழே ஒரு நகைக்கடை விளம்பரம். மகிழ்ச்சியில் இருப்பதாக அச்சிட்ட படத்தில் அவர் வாய் திறந்திருப்பது சிரிப்பதற்காக அல்ல. படம் பிடித்தவனைத் திட்டிக்கொண்டிருந்தார். பிடித்தவன் நான்.

அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அக்கரப்பத்தனையிலிருந்து புறப்படும் பஸ் மேலே போய்த் திரும்பும் இடத்தில் இறங்கி, இன்னும் அரை மணி நேரம் நடந்து ஏறினால் அவர் இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன். லயம் என்ற வரிசை வீடுகள் மூன்று; குடும்பத்துக்கு ஒன்றாக முப்பத்தாறு காம்பரா. ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலி கீழே பள்ளத்தில். பீலிக்கும் லயத்துக்கும் நடுவில் இருநூற்றுப் பதினான்கு படி. படி என்றால் மண்வெட்டியால் மண்ணைச் செதுக்கி விட்டது. மழை பெய்தால் அது படி இல்லை, சறுக்கு. நூற்றுத் தொண்ணூறாவது படியில் அந்தோனியம்மா குடத்தோடு விழுந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் இடது தொடை எலும்புக்குத் தகடு வைத்து அனுப்பினார்கள். அதோடு கொழுந்து பறிப்பது முடிந்தது. கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மகள் யூஜினா கொழும்பில் ஓர் உடுப்புக் கடையில் நிற்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவாள்.

ஆகவே தண்ணீர் தானாக மேலே ஏறி வராவிட்டால் அந்தோனியம்மாவுக்குத் தண்ணீர் இல்லை. அக்கம்பக்கத்தில் உதவமாட்டார்களா என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"ரெண்டு நாளைக்குக் கொண்டாந்து தருவாங்க தம்பி. மூணாம் நாளு கதவச் சாத்திக்குவாங்க. நானா இருந்தாலும் சாத்திக்குவேன்."

பத்து வருடங்களுக்கு முன்பு லண்டனில் இருக்கும் எங்கள் சங்கம் அங்கே பத்து சோலார் தகடுகளை வைத்தது. மூன்றாம் லயத்துக்கு மேலே உள்ள மேட்டில் சிமெந்துத் தொட்டி; தொட்டியை ஒட்டி, நெஞ்சுயர இரும்புக் கால்களில் தகடுகள்; அங்கிருந்து பள்ளத்திலுள்ள பம்புக்கு வயர். திறப்பு விழாவில் எங்கள் தலைவர் கந்தப்பன் பேசினார். ஹட்டனில் பிறந்து நாற்பது வருடமாக லண்டனில் இருப்பவர். "இருபத்தைந்து வருடத்துக்கு உங்களுக்குத் தண்ணீர்க் கவலையே இல்லை," என்றார். கை தட்டினார்கள்.

கம்பெனிக் கையேட்டில் அப்படி எழுதியிருக்கவில்லை. இருபத்தைந்து வருட முடிவில் புதிதில் தந்ததில் நூற்றுக்கு எண்பது பங்காவது தரும் என்றுதான் இருந்தது. வருடத்துக்கு நூற்றில் அரைப் பங்கு, ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும். எந்த வெயிலைத் தின்று வேலை செய்கிறதோ அந்த வெயிலே கண்ணாடிக்கு அடியிலுள்ள பசையை மஞ்சளாக்கும். பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் விரிந்து சுருங்கி, உள்ளேயிருக்கும் சில்லுகளில் மயிரிழை விரிசல் விழும். பின்பக்கத் தாளில் ஈரம் ஏறும். இதெல்லாம் மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில். அதே பக்கத்தில் இன்னொரு வரி: கண்ணாடியைத் தண்ணீரும் மெல்லிய துணியும் தவிர வேறெதனாலும் தொடக் கூடாது.

அந்தக் கையேட்டைத் தமிழாக்கும் வேலையைச் சங்கம் எனக்குத் தந்தது. இரண்டு மொழியிலும் படித்தவன் என்ற பெருமை வேறு. முதல் இரண்டு பக்கத்தையும் அழகாக எழுதினேன். மூன்றாம் பக்கம் நீளம், விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது, அதை விட்டுவிட்டேன்.

தகடுகளையும் தொட்டியின் வால்வையும் பார்த்துக்கொள்ள அந்தோனியம்மாவை நியமித்தார்கள். கால் ஊனமான ஒருவருக்கு வேலை கொடுத்ததாக அதையும் மலரில் போட்டோம். "எனக்கு உள்ளுக்க ஒரு தகடு, வெளியில பத்து தகடு," என்று அவர் சொல்லிக்கொண்டார். காவல் என்றால் அப்படியொரு காவல். எப்போதும் ஈரமாகக் கிடக்கும் அந்த ஊரில் வெயில் பட்டுச் சுடும் கண்ணாடியை விட நல்ல உலர்த்துமிடம் கிடையாது. பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு, மலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கைக் கொண்டுவந்து தகட்டில் விரித்தாள்.

"அடி அம்மாக்கண்ணு, எடுடி அத. ஒங்கப்பன் கட்டுன கொடியா இது?"

"அரை மணி நேரத்துல காஞ்சிரும்க்கா. சூடா இருக்கு."

"ஒன் படங்கு காஞ்சா எங் கொடமும் காஞ்சிரும். எடுக்கிறியா, கிழிச்சு அடுப்புத் தொடைக்கவா?"

இவ்வளவு காவல் காத்த அதே அந்தோனியம்மாதான் அந்தத் தகடுகளைக் கொன்றார். நாங்கள்தான் கொல்ல வைத்தோம்.

தோட்டத்துக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு முன்னால் சுண்ணாம்பு வாளி வந்துவிடும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வழக்கம். அவர்கள் போய் எத்தனையோ காலமாகியும் வாளி போகவில்லை. பாதையோரக் கல், மர அடி, வடிகான் ஓரம், கக்கூஸ் சுவர் எல்லாவற்றுக்கும் ஒரு பூச்சு. படுத்திருக்கும் நாய் எழுந்து ஓடாவிட்டால் அதற்கும் அடித்துவிட்டுப் போவார்கள். உள்ளே கூரை ஒழுகுவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வெளியே வெள்ளையாக இருந்தால் தோட்டம் நன்றாக இருக்கிறது. எங்கள் சங்கத்து ஆட்கள் வரும்போதும் அதே மரியாதை. நாங்களும் அதைக் கண்டு மகிழ்ந்தோம், துரைமார் மகிழ்ந்ததுபோலவே.

தொட்டிக்கு நீளக் கம்பில் தூரிகை கட்டி வெள்ளையடிப்பார்கள். தெறிக்கும் சுண்ணாம்பு எல்லாம் பக்கத்திலுள்ள கண்ணாடியில் விழும். மறுநாள் காலையில் அது கல்லாகியிருக்கும். வருகிறவர்கள் தகடுகளைத்தான் படம் பிடிப்பார்கள். அதில் வெள்ளைப் புள்ளி இருக்கலாமா? அந்தோனியம்மாவின் கணவர் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியை வெட்டி இறக்கும் அவருடைய கனத்த வளைந்த கத்தி வீட்டில் இருந்தது. அதன் நுனியால் ஒவ்வொரு சொட்டாகச் சுரண்டி எடுத்து, பிறகு சட்டி விளக்குவதுபோல் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தார். கண் கூசும்படி பளபளத்தது. நான் பிடித்த படங்களில் வானமே தெரிந்தது. ஒன்பது வருடத்தில் நாங்கள் வந்ததும் எங்களுடைய விருந்தாளிகள் வந்ததுமாகப் பதினாலு தடவை.

தண்ணீர் குறைவதை முதலில் கண்டவரும் அவர்தான். தொட்டிக்குள் ஒரு வெறும் பிளாஸ்டிக் கேன் மிதக்கும். அதில் கட்டிய கயிறு விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும், முனையில் ஒரு கல். உள்ளே தண்ணீர் ஏற ஏற வெளியே கல் இறங்கும். ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி பதினோராம் திகதி லூர்து மாதா திருநாள். நல்ல வெயில் காலம். அன்று வேதக்காரர் சைவர் என்றில்லாமல் லயமே கோயிலுக்குப் போய்விடும். விடியற்காலையில் தொட்டியைக் காலியாக்கி, வால்வை மூடிவிட்டு, அந்தோனியம்மாவும் போவார். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து, கல் எங்கே நிற்கிறதோ அங்கே தொட்டிச் சுவரில் ஒரு கோடு. யூஜினா விட்டுப்போன சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சுதான் மை.

முதல் வருடக் கோடு கணுக்காலடியில். அதாவது நடுப்பகலிலேயே தொட்டி நிறைந்திருந்தது. ஐந்தாம் வருடக் கோடு முழங்காலில். ஒன்பதாவது கோடு அவருடைய தொடைத் தகட்டின் உயரத்துக்கு வந்துவிட்டது. தொட்டி பாதிதான் நிறைந்தது. அந்தப் பாதியும் முதல் லயமும் இரண்டாம் லயமும் பிடித்த பிறகுதான் மேட்டிலிருக்கும் மூன்றாம் லயத்துக்கு; அந்தோனியம்மாவின் காம்பரா அதில்தான்.

சங்கத்துக்கு ஹட்டனில் ஓர் இணைப்பாளர் உண்டு. பத்திநாதன். வருடா வருடம் அறிக்கை அனுப்புவார். ஒன்பது அறிக்கையிலும் "திட்டம் முழுமையாக இயங்குகிறது" என்ற வாக்கியம் ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. நானும் ஒன்பது முறை வாசித்தேன். ஒன்பது முறையும் கைதூக்கி ஆதரித்தேன். ஒன்பதாவது கூட்டத்தில் கந்தப்பன், எல்லாம் நன்றாக இருப்பதால் மிச்சமுள்ள நிதியில் லய வாசலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த வளைவு ஒன்று கட்டலாம் என்றார். அதையும் ஆதரித்தோம். வளைவுக்கு அடிக்கல் வைக்க மார்ச் மாதம் நாங்கள் போனோம்.

வருவதற்கு இரண்டு நாள் முன்பு பத்திநாதன் அங்கே போயிருக்கிறார். தொட்டி நிரம்பி வழிய வேண்டும் என்று வால்வை மூடச் சொன்னார். முப்பத்தாறு காம்பராவும் இரண்டு நாள் பீலிக்கு நடந்தது. அம்மாக்கண்ணு அந்தோனியம்மாவுக்கும் சேர்த்து இரண்டு குடம் சுமந்தாள். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சின்னத்தம்பி சுண்ணாம்பு வாளியோடு வந்தார். தொட்டியடியில் அந்தோனியம்மா கையை விரித்து நின்றார்.

"ஐயா, இந்தப் பக்கத்த மட்டும் விட்ருங்க. கோடு இருக்கு."

"என்னா கோடு? கியூட்டெக்ஸ் பூசி வச்சிருக்கீங்க, பொண்ணு பாக்கவா வாறாங்க தொட்டிய?"

"ஒம்போது வருசத் தண்ணிங்க அது. வாறவங்களுக்குக் காட்டணும்."

"லண்டன்லருந்து வாறாங்க. கோடும் கீடும் காட்டவா? ஒதுங்குங்கம்மா."

ஒன்பது கோடும் ஒரு வாளியில் போயிற்று. அன்று மாலை அவர் வழக்கம்போலக் கத்தியை எடுத்து, தெறித்ததைச் சுரண்டி, சாம்பல் போட்டுத் தேய்த்தார். அது மட்டும் விட்டுப்போகவில்லை.

நாங்கள் வந்த காலையில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பத்திநாதன் அதன் முன்னால் நின்று கையை நீட்டினார், தானே ஊற்றி நிரப்பியதுபோல. மாலை, பொட்டு, மைக். மைக் செட்டுக்காரர் தனுஷன், முப்பத்தைந்து வயது இருக்கும், ஹட்டனில் வயரிங் வேலையும் செய்பவர். சோலார் திட்டத்தைப் பார்வையிட வந்த குழுவில் மின்சாரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் பேச்சுக்காக வந்தவர்.

அறிக்கையின் "முழுமையாக இயங்குகிறது" உட்பட, கந்தப்பன் ஐம்பது நிமிடம் பேசினார். நடுவில் அந்தோனியம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "தண்ணி எல்லாம் நல்லா வருதாம்மா?"

"நெறஞ்சு வழியிதுங்க ஐயா," என்றார் அவர்.

பத்திநாதன் முகம் மலர்ந்தது. அந்தோனியம்மா எழுந்து, காலை இழுத்துக்கொண்டு தொட்டியின் பின்பக்கம் போனார். யாரும் கவனிக்கவில்லை. வால்வைத் திறந்துவிட்டு, கழுவித் தள்ளும் அடிக்குழாயையும் திறந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். கந்தப்பன் பசுமை எரிசக்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வாளியோடு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்கள். பேச்சில் மனம் கசிந்து போவதாக அவர் நினைத்திருக்கக்கூடும்.

வாழையிலையில் சோறும் கோழிக் கறியும். சாப்பிட்டு எழுந்து, கறிக் கையோடு குழாயடிக்குப் போனோம். குழாய் இருமியது. பத்திநாதன் திருகினார், மறுபடி திருகினார்.

"அக்கா, என்னாச்சு தண்ணிக்கு?"

"தொறந்து விட்டேன் சேர். ரெண்டு நாளா மூடி வச்சிருந்தது. காலியானதும் அடிக்குழாய மூடிட்டேன். இப்ப மணி பன்னெண்டரை. நல்ல வெயிலு. பம்பு ஓடுது. முழுமையா இயங்கிற திட்டமாமே, ஒக்காருங்க, நெறைஞ்சிரும்."

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் கந்தப்பன், வலது கையைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"கல்லு எறங்குதான்னு பாருங்க ஐயா. அவசரம்னா பீலியில இருக்கு." ஒரு குடத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "எரநூத்திப் பதினாலு படி. நூத்தித் தொண்ணூறுல மட்டும் பாத்து வாங்க."

அம்மாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; தோள் குலுங்கியது. கந்தப்பன் மானஸ்தர். குடத்தை எடுத்துக்கொண்டு பளபளக்கும் சப்பாத்தோடு இறங்கினார். பத்திநாதன் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே கல்லைப் பார்த்தார். கல் அசையவில்லை. மணி ஒன்றானபோது ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

தனுஷன் மைக் வயரைச் சுற்றிவிட்டுத் தகடுகளுக்குக் கீழே குனிந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பையிலிருந்து மீட்டரை எடுத்து வயரில் மாட்டினார்.

"இங்க கைய வைங்க சேர். இந்த எடம் மட்டும் சுடுதா? உள்ளுக்க வெந்து போச்சு. இது, இது, அந்தா அது, இது. நாலு போச்சு. பத்தும் ஒரே வரிசையில கோத்திருக்கு. நாலு நொண்டுனா மத்த ஆறும் நொண்டித்தான் நடக்கும்." கண்ணாடியில் சாய்வாகப் பார்த்தார். "மேலயெல்லாம் ஒரே கீறல். வெளிச்சம் எப்பிடி உள்ள போகும்? சுரண்டி அழுத்துனதுல உள்ளுக்க சில்லும் வெடிச்சிருக்கு. யாரு சேர் இதச் சுரண்டுனது?"

பத்திநாதனுக்கு உயிர் வந்தது. "பயனாளிகளோட கவனக்குறைவு. நான் அறிக்கையில சேர்த்துர்றேன். பராமரிக்கத் தெரியாதவங்களுக்குப் புதுசு குடுத்தும் வேலையில்ல."

அந்தோனியம்மா அப்போதுதான் பயந்து நான் பார்த்தேன். கை தொடையில் தகடு இருக்குமிடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். மழை என்றோ, குரங்கு என்றோ சொல்லியிருந்தால் நாங்கள் அதையும் ஆதரித்திருப்போம். அவர் உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்து மேசையில், வாடிய மாலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான்தான். இதாலதான்."

தனுஷன் கத்தியைத் தொட்டுப் பார்த்தார். "ஏம் பெரியம்மா?"

"அப்பிடிக் கேளு. இவங்க ஒருத்தரும் கேக்கல. இவங்க வந்தாங்க, அதான். வந்தா சுண்ணாம்படிப்பாங்க. அடிச்சா தெறிக்கும். தெறிச்சா சுரண்டணும், இவங்க படம் புடிக்கணுமே. ஒருத்தரும் வராம இருந்திருந்தா என் தண்ணி ஒழுங்கா வந்திருக்கும். சுரண்டக் கூடாதுன்னு எவனாச்சும் ஒரு வார்த்த சொன்னானா?"

சொல்ல வேண்டியவன் நான் என்று அங்கே சொன்னேன். மூன்றாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தோனியம்மா என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பாசை படிச்சீங்கன்னு சொன்னாங்க," என்றார்.

கந்தப்பன் ஒரு மணி நேரம் கழித்து அரைக் குடத்தோடு வந்து சேர்ந்தார். ஒரு சப்பாத்து இல்லை; எந்தப் படியில் என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலியில் விழுந்து மூச்சு வாங்கியவர் முதலில் சொன்னது, "வளைவு வேண்டாம்" என்பதுதான். அன்றைய ஐம்பது நிமிடப் பேச்சைவிட அந்த இரண்டு சொல் நல்ல பேச்சு.

லண்டன் திரும்பியதும் சங்கம் தன் இயல்புக்கு வந்தது. கெடுத்தவருக்கே மறுபடி கொடுப்பதா என்று மூன்று மாதம் மின்னஞ்சலில் சண்டை போட்டார்கள். போட்டவர்கள் யாரும் வாழ்நாளில் ஒரு குடம் சுமந்தவர்கள் அல்லர். கந்தப்பன் நடு இரவில் உட்கார்ந்து, குடம் சுமந்தவரைப் போலப் பதில் எழுதினார், உண்மையில் சுமந்தவர்தானே. ஆகஸ்டில் நான்கு புதிய தகடுகள் போயின. தனுஷன் பொருத்தினார். ஆறு பழையவை இழுப்பதால் புதியவையும் முழு வேகத்தில் ஓடாது என்று முன்பே சொல்லிவிட்டார். பத்தையும் மாற்றுவதற்குச் சங்கத்துக்கு மனம் வரவில்லை. மூன்றாம் பக்கத்தைத் தமிழில் எழுதி அனுப்பினேன். தொட்டிக்குப் பக்கத்திலுள்ள சுவிட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் அந்தோனியம்மா ஒட்டியிருக்கிறாராம்.

இந்த வருடம் மாதா திருநாளுக்கு அடுத்த வாரம் எங்கள் ஆள் ஒருவர் போனார். வாளியும் முன்கூட்டியே போயிருக்கிறது. அந்தோனியம்மா கவ்வாத்துக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியடியில் உட்கார்ந்திருக்கிறார். கணக்கப்பிள்ளை ஒரு கல்லுக்கும் ஒரு மரத்துக்கும் அடித்துவிட்டுத் திரும்பிப் போனார். எங்கள் ஆள் அனுப்பிய படத்தில் தொட்டி பாசி பிடித்துக் கறுத்திருக்கிறது. போன வருடச் சுண்ணாம்பு பத்தை பத்தையாக உரிந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரே ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் அந்தோனியம்மா, வாய் மூடியபடி.

மலர்க் குழு படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. தொட்டி அழுக்காகத் தெரிகிறதாம்.

போன வாரம் போனில் பேசினேன். "இந்தத் தடவையாச்சும் பேரு போட்டாங்களா?" என்று கேட்டார்.

படமே வரவில்லை என்றேன்.

"தண்ணி வருது," என்றார்.